மான் தின்ற கிடைப்படம்

சுருட்டின் அடிப்பக்கம் பையைவிட்டு நீட்டியிருந்ததை
நான் கவனிக்கவில்லை.
சாம்பல்தீவு பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில்
ஒருவரும் கவனிக்கவில்லை,
மைதான மதிலோரம் நின்ற
அந்தப் புள்ளிமானைத் தவிர.

திருகோணமலையில் மான் ஒன்றும் அதிசயமில்லை.
கச்சான் கோது, பழத்தோல், லொத்தர்த் துண்டு,
கல்யாண அழைப்பிதழ் என்று
தின்று பழகிய சனம்.
போன மாதம் சிப்னாவின் தங்கச்சியுடைய
குடியுரிமைக் கல்விக் கொப்பியில்
உரிமைகள் முழுவதையும் மென்றுவிட்டு
கடமைகளை மட்டும் விட்டுவைத்ததாம்.

நாளைக்குக் கொடுக்கவேண்டிய தாள்.
மூன்று பின்னேர வேலை.
அப்பாவின் பட்டறையில் கழற்றிக் கிடந்த
படகு எஞ்சின் தாங்கியை மேசையில் வைத்து
ரீ சதுரத்தைப் பலகை விளிம்போடு அழுத்தி
டூ எச் பென்சிலை ஊசியாய்ச் சீவி
மேலே முன்னிலைப்படம்,
வலப்புறம் பக்கநிலைப்படம்,
கீழே கிடைப்படம்,
மூலையில் பெட்டிகட்டி
பெயர், வகுப்பு, அளவுத்திட்டம்.

இழுத்தேன்.
அதுவும் இழுத்தது.
பிறகு சர்ரென்று ஒரு சத்தம்,
மான் மட்டும் அவசரப்படவில்லை.

கிடைப்படம் போயிற்று.
தெ. மதுராங்கி, பன்னிரண்டாம் வகுப்பு, தொழினுட்பம்,
ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே
விழுங்கப்பட்டாள்.

சிப்னா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"மேலயிருந்து பார்த்தா அது எப்பிடி இருக்குமெண்டு
இனி மானுக்கு மட்டும்தான் தெரியும்."

இரண்டு படம் மிஞ்சினால்
மூன்றாவதை எழுப்பலாம் என்பார் சேவியர் சேர்.
எப்போதும் முடியாது என்றும் அவரே சொல்வார்:
முன்னால் சதுரம், பக்கத்தால் சதுரம் என்றால்
அது மரக்குற்றியாகவும் இருக்கலாம்,
நிமிர்த்திவைத்த பால்மா ரின்னாகவும் இருக்கலாம்.

இரவு பத்தரை. புதுத் தாள்.
முன்னிலைப்படத்திலிருந்து கோடுகளைக் கீழே இறக்கினேன்.
பக்கநிலைப்படத்திலிருந்து நாற்பத்தைந்து பாகையில் திருப்பினேன்.
போல்ட் துளைக்கு வந்ததும்
கவராயம் மறுத்தது.

முன்னிலைப்படத்து மறைகோடுகளின் இடைவெளி பன்னிரண்டு.
பக்கநிலைப்படத்தில் பதினான்கு.
இரண்டும் நான் அளந்தவைதான்.
அப்படியென்றால், தின்னப்பட்ட தாளில்
அந்த அழகான வட்டம் எங்கிருந்து வந்தது?

துளை என்றால் வட்டம் என்று
கை தானாகவே சுழன்றிருக்கிறது.

தாங்கியை எடுத்து விரலை விட்டுப் பார்த்தேன்.
ஒரு பக்கம் இழுபட்டு
கொஞ்சம் முட்டை.
"அது தேஞ்ச துண்டு பிள்ளை" என்றார் அப்பா,
நுளம்புவலைக்குள்ளிருந்து, கண் திறக்காமல்.
"அதாலதானே கழட்டினது."

மூன்று பின்னேரமாய் எதை வரைந்தேன்?
கடையில் புதிதாய் வாங்கினால் எப்படியிருக்குமோ
அதை.

முட்டையை வரைய ஒரு மணித்தியாலம்.
பதினைந்துக்குப் பதினொன்று கிடைத்தது:
எழுத்து சரிவாம், ஒரு மையக்கோடு விடுபட்டதாம்.
துளையைப் பற்றி சேர் ஒன்றும் எழுதவில்லை.
சிவப்புப் பேனையால்
ஒரு சின்னச் சரி.

கிழிந்த தாளை எறிய நினைத்துத்தான்
தரையில் விரித்தேன்.
ஒரே கடிதான், சரிவாய், சுருட்டின் வாயில்.
விரித்தால்
ஏறி இறங்கி ஏறி
உப்புவெளிக் கரைபோல அலை அலையாய்
விளிம்பெல்லாம் கிழிசல்.

சரிவாக வெட்டிய உருளையின் விரியல்.
பாடத்தில் அது அடுத்த தவணைக்குத்தான் வருகிறது.

அடிமட்டம் வைத்து அளந்தேன், வேறென்ன செய்வது.
வெளிச்சுற்று அலை நூற்று முப்பத்திரண்டு மில்லிமீற்றர்.
அதற்கு உள்ளே நூற்று இருபத்தாறு.
அதற்கும் உள்ளே நூற்றுப் பத்தொன்பது.
மிச்சம் நாற்பத்துமூன்று:
அலை அப்போதுதான் ஏறத் தொடங்குகிறது,
தாள் முடிந்துவிட்டது.